கூரைக்குக் கீழே ஓர் இடைவெளி

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மலாயாத் தோட்டங்களுக்கு ஒரு கணக்கு வைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தாக வேண்டும். அப்படிப் பேராக்கின் ரப்பர் மரங்களுக்கு நடுவே முளைத்த தமிழ்ப்பள்ளிகள் பல பலகையும் தகரமுமாக, பாதிச் சுவரோடு நின்றன. மீதிப் பாதி வெறும் காற்று. சிக்கனம் பார்த்துக் கட்டிய கொட்டகைகள்தாம். ஆனால் அந்தப் பாதிச் சுவர் என்ன வேலை செய்தது என்று கணக்குப் போட்டால் கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கிறது.

சும்மா உட்கார்ந்து எழுதும் பிள்ளை ஒன்று ஏறக்குறைய 70 வாட் சூட்டை வெளிவிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். 35 பேர் சேர்ந்தால் இரண்டரை இஸ்திரிப் பெட்டிகள், பாடம் முடியும்வரை அணையாமல். கூடவே மூச்சும் தோலும் மணிக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீராவியைக் காற்றில் சேர்க்கின்றன. கடையில் விற்கும் பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மணிக்கொரு தரம் ஆவியாக்கி அறைக்குள் விட்டதுபோல.

இந்தச் சூட்டைக் கழிக்க உடல் வைத்திருக்கும் ஆயுதம் வியர்வை. ஒரு மேசைக்கரண்டி வியர்வை முழுதாக ஆவியானால், அந்தப் பிள்ளை எட்டு நிமிடத்தில் உண்டாக்கும் சூடு முழுவதையும் அது கொண்டுபோய்விடும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வழிந்தோடினால் பயனில்லை. ஈப்போவின் ஈரக் காற்றில் தோலை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம் விரைவில் நிரம்பிவிடுகிறது. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, அந்தப் படலத்தைத் துடைத்துவிட்டுப் புதுக் காற்றை வைக்கிறது. அவ்வளவுதான், ஆனால் உடலுக்கு அது இரண்டு டிகிரி குறைந்ததுபோல இருக்கிறது. ஆளில்லாத வகுப்பில் ஓடும் மின்விசிறி யாரையும் குளிர்விப்பதில்லை. தன் மோட்டார்ச் சூட்டால் அறையைத் துளி சூடாக்குவதோடு சரி.

அடுத்த எதிரி தலைக்கு மேலே. உச்சிவெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு காற்றைத் தொடாமலே நேராகத் தலைக்கு இறங்குகிறது. கதிர்வீச்சு என்பது இதுதான், அடுப்புக்கு எதிரே நின்றால் முகம் சுடுவதுபோல. சுவரில் மாட்டிய வெப்பமானி 31 காட்டும், பிள்ளை அதைவிட அதிகமாக உணரும். இரண்டும் பொய்யல்ல. தகரத்துக்கு அடியில் பளபளக்கும் அலுமினியத் தாள் ஒன்றை விரித்தால் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. அந்தப் பளபளப்பு வெப்பக் கதிரில் நூற்றில் ஐந்து பங்கைத்தான் கீழே விடுகிறது. (மழை பெய்தால் தகரம் போடும் சத்தத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு இந்தத் தாள் மருந்தல்ல.)

இனி காற்றுக்கு வருவோம். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்குக்குக் கிழக்கே தித்திவங்சா மலை, மேற்கே கிளேடாங் மலை. இடையில் காற்று பெரும்பாலும் சோம்பேறி. வீசாத நாளில் அறைக்குள் காற்றை நகர்த்துவது எது? பிள்ளைகளின் சூடேதான். சூடான காற்று இலேசாகி மேலே போகிறது, பாதிச் சுவர் விட்ட இடைவெளிபோல மேலே வழி இருந்தால் வெளியேறுகிறது, கீழே புதுக் காற்று நுழைகிறது. மேலெழு காற்றோட்டம் என்று இதற்குப் பெயர். உள்ளே மூன்று டிகிரி கூடுதல், கீழ் வாசலுக்கும் மேல் வாசலுக்கும் மூன்று மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், இந்தக் காற்றைத் தள்ளும் அழுத்தம் மேசைமேல் கிடக்கும் ஒரு ஏ4 தாளின் அழுத்தத்தில் பாதிகூட இல்லை. அதுவே போதும். கீழே ஒரு சதுர மீட்டர், மேலே ஒரு சதுர மீட்டர் திறந்திருந்தால் வகுப்பின் மொத்தக் காற்றும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது.

தோட்டத்துக்காரர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் உலர்த்திய புகைவீட்டுக்குக் கீழே காற்று நுழையவும் கூரையில் ஈரப்புகை வெளியேறவும் வழி வைத்திருந்தார்கள். திறப்பைக் கூட்டிக் குறைத்துச் சூட்டை 50, 60 டிகிரிக்குள் பிடித்து வைத்தார்கள். ஷீட்டுக்குக் கிடைத்த இந்தக் கவனம் பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்கலாம்.

வெளியே நின்ற பால்மரங்களும் தம் பங்குக்கு நிழல் தந்தன, இலைவழியே நீரை ஆவியாக்கிக் காற்றைத் தணித்தன. ஒரு குறும்பு மட்டும் உண்டு. ரப்பர் மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பது பிப்ரவரி, மார்ச் வாக்கில், சரியாக வெயில் ஏறும் நேரத்தில். 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெயில் தாளாமல் பள்ளிகளையே மூடினார்கள்.

சரி, ஏர்கோன் போட்டுவிட்டால்? அங்கேதான் கதை திரும்புகிறது. வீட்டில் மாட்டும் சாதாரண ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 420 பங்கு கரியமில வாயு. 1858-இல் மியூனிக் நகரத்து மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் அறைக்காற்றுக்கு 1,000 பங்கை எல்லையாக வைத்தார். சன்னலெல்லாம் மூடிய வகுப்பில் 35 பிள்ளைகளின் மூச்சு அந்த எல்லையைத் தொடக் கால் மணி நேரம் போதும். ஒரு மணி நேரத்தில் அது 3,000-ஐ நெருங்கும். குளுகுளு அறையில் பிள்ளைகள் கொட்டாவி விட்டால் பாடத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

வகுப்புக்கு ஏர்கோன் வாங்கித் தர நிதி திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, பட்டியலில் இன்னொரு வரி சேருங்கள்: அறைக்காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று, கூரையை ஒட்டி. அதுவரை, ஓய்வு நேர மணி அடித்ததும் சன்னல்களை எல்லாம் திறந்துவிடச் சொல்லுங்கள்.