லொறி ஓட்டப் பழக எங்கே சேர்வது?

இலங்கையில் லொறிச் சாரதியாக விரும்பும் இளைஞர் இரண்டு வகைப் பயிற்சி நிலையங்களில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, ஊர் வழக்கில் ‘லேர்னர்ஸ்’ எனப்படும் சாரதிப் பயிற்சிப் பாடசாலை. இது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யப்படுகிறது. எழுத்துப் பரீட்சையிலும் ‘ட்ரயல்’ எனப்படும் செய்முறைப் பரீட்சையிலும் தேற வைப்பதே இதன் வேலை. மற்றது தொழிற்பயிற்சி நிலையம். தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் இதில் அடங்கும். இவை மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையில் இயங்குகின்றன. அங்கீகாரம் பெற்ற பாடநெறியை முடித்தவருக்கு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., கிடைக்கும். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்துவதுண்டு. இங்கே அவை பிரிந்து கிடக்கின்றன. என்.வி.கியூ. சான்றிதழை வைத்துக்கொண்டு வீதியில் வாகனம் ஓட்ட முடியாது. அனுமதிப்பத்திரம் இருப்பதாலேயே ஒருவருக்குத் தொழில் தெரியும் என்று முதலாளிமார் நம்பிவிடுவதும் இல்லை.

எந்த வாகனத்தை ஓட்டப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மொத்த எடை 3,500 கிலோகிராமுக்கு மேல், 17,000 கிலோகிராம் வரையிலான லொறிகளுக்கு சி1 வகுப்பு அனுமதிப்பத்திரம் தேவை. அதற்கு மேற்பட்டவை சி வகுப்பு. இழுவைப் பெட்டியுடன் போகும் கொள்கலன் வண்டிகளுக்கு சிஇ. பெக்கோ போன்ற இயந்திரங்களுக்கு வேறு வகுப்பு உண்டு. கனரக வகுப்புகளுக்கு நேரடியாகப் போய்விட முடியாது. இலகு ரக அனுமதிப்பத்திரம் பெற்றுச் சில காலம் ஓட்டியிருக்க வேண்டும். தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழும் அவசியம். கனரக அனுமதிப்பத்திரம் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால் அந்தச் சோதனை தொழில் முழுவதும் கூடவே வரும். பார்வைக் குறைபாடோ வேறு நோயோ உள்ளவர் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இந்த மருத்துவச் சோதனையை முடித்துவிடுவது நல்லது.

அடுத்து பார்க்க வேண்டியது பயிற்சிக்குப் பயன்படும் வாகனம். பல இடங்களில் வெறும் பெட்டியுடன் நிற்கும் ஒரு பழைய லொறிதான் இருக்கும். ட்ரயலுக்கு அது போதும். ஆனால் பாரம் ஏற்றிய லொறியின் குணமே வேறு: பிரேக் பிடித்தால் நிற்க நீண்ட தூரம் எடுக்கும், வளைவில் சாயும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பயிற்சிக் காலத்தில் ஒரு தடவையாவது பாரத்துடன் ஓட்ட விடுகிறார்களா என்று நிலையத்திடம் நேரடியாகக் கேட்க வேண்டும். அந்த வாகனத்தில் இருப்பது எயார் பிரேக்கா, சிறிய லொறிகளில் உள்ள ஹைட்ரோலிக் பிரேக்கா என்பதையும் கேட்க வேண்டும். ஹைட்ரோலிக் பிரேக்கில் மட்டும் பழகியவர் பெரிய லொறியின் இருக்கையில் ஏறினால் அவர் முதலில் தடுமாறப்போவது பிரேக்கில்தான்.

மலைநாட்டவருக்கு இந்தப் பயிற்சியில் எல்லாவற்றையும் விட முக்கியம் பள்ளம் இறங்கக் கற்பதே. அலவத்துகொடவிலிருந்து மாத்தளை நோக்கிப் போகும் ஏ9 வீதி பலகடுவவில் மலையேறி மறுபக்கம் வளைந்து வளைந்து இறங்குகிறது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி ஏற்றிக் கண்டிக்கு வரும் லொறிகளும் இந்த வழியால்தான் வருகின்றன. கொழும்புப் பக்கம் போனால் கடுகண்ணாவை இறக்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட சரிவில் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் லைனிங்கும் ட்ரம்மும் சூடேறும். சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறையும். மிதி இறங்கும், வண்டி நிற்காது. எயார் பிரேக் உள்ள லொறியில் இன்னொரு ஆபத்தும் சேரும். ஒவ்வொரு மிதிக்கும் டாங்கியிலிருந்து காற்று செலவாகிறது. கம்ப்ரஸர் அதை நிரப்பும் முன்பே அடுத்தடுத்து மிதித்தால் அளவியின் முள் கீழே இறங்கிவிடும்.

இதற்கான வழிமுறை பழையதுதான், ஆனால் உடம்பில் ஊறும்வரை பழக வேண்டும். எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரில் இறங்குவது என்ற கணக்கை நல்ல பயிற்சியாளர் முதல் நாளிலேயே சொல்வார். கியரைச் சரிவு தொடங்கும் முன்பே குறைத்துவிட வேண்டும். பாதிச் சரிவில் வேகம் ஏறிய பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் இயந்திரத்தின் பிடி முழுதாகப் போய்விடும். எக்ஸோஸ்ட் பிரேக் புகைக்குழாயை ஒரு வால்வால் அடைத்து இயந்திரத்தையே வேகத்துக்கு எதிராக வேலை செய்ய வைக்கிறது. குறைந்த கியரில் இயந்திரம் வேகமாகச் சுழலும்போது அதன் பிடி கூடும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டி இறக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் அல்லது கண்டும் காணாமல் விடும் பயிற்சியாளரிடம் ஒரு நாள் கூட இருக்கக் கூடாது. பயிற்சி முழுவதும் சமதரை மைதானத்திலேயே நடக்கும் நிலையத்தைக் கண்டிப் பிரதேசத்து மாணவர் தவிர்ப்பதே சரி.

ஓட்டத் தொடங்கும் முன் செய்யும் சோதனையும் பாடத்தில் இருக்க வேண்டும். சக்கர நட்டுகள், டயர், எண்ணெய், தண்ணீர், விளக்குகளுடன் எயார் டாங்கியில் சேரும் நீரைத் திறந்து வெளியேற்றுவது, இயந்திரத்தை நிறுத்திப் பிரேக்கை மிதித்து முள் இறங்குகிறதா என்று பார்ப்பது, காற்றுக் கசியும் சத்தத்துக்குக் காது கொடுப்பது எல்லாம் இதில் சேரும். பத்து நிமிட வேலை இது. பின்னோக்கி எடுப்பது, பாரத்தைச் சமமாக அடுக்கிக் கயிறு கட்டுவது, படங்கு போடுவது ஆகியவற்றை முன்பு கிளீனராகச் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். நேரே பயிற்சி நிலையத்துக்கு வருபவருக்கு அந்த வாய்ப்பு இல்லாததால் நிலையம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எத்தனை நாள் பாடநெறி என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்டியரிங் தன் கையில் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேட்பவர் குறைவு. இரண்டு மணி நேர வகுப்பில் நான்கு பேர் ஒரே லொறியில் ஏறினால் ஒருவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம். இந்தியாவில் 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வாகனப் பாடநெறி 6 வாரத்தில் 38 மணி நேரம். தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2017 ஜூலையிலிருந்து இழுவை லொறிச் சாரதிகளுக்குக் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்நாட்டின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2018 ஏப்ரல் 6 அன்று நிறுத்தற் குறியைத் தாண்டி வந்த லொறியுடன் ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பஸ் மோதி 16 பேர் இறந்தனர். லொறிச் சாரதி பெற்றிருந்த பயிற்சி எவ்வளவு குறைவு என்பது நாடெங்கும் கேள்வியாக எழுந்தது. மறு ஆண்டு மார்ச்சில் அந்த மாகாணம் 121.5 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா 2022 பெப்ரவரி 7 முதல் மத்திய அரசின் பதிவேட்டில் உள்ள நிலையத்தில்தான் பழக வேண்டும் என்று விதித்தது. மணி நேரக் கணக்கு வைக்காமல் ஒவ்வொரு திறனிலும் தேர்ச்சி பெற்றதைப் பயிற்சியாளர் உறுதிப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டது. கணக்கு வைப்பதே மாணவருக்குக் கூடுதல் பாதுகாப்பு. மணி நேரத்தைப் பணம் கட்டியவரே எண்ணிப் பார்க்கலாம்; தேர்ச்சியை அப்படி அளக்க முடியாது.

மொழியையும் விசாரிக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். ஆனால் பயிற்சியாளர் சிங்களத்தில் மட்டும் விளக்கினால், பிரேக் அமைப்பு போன்ற நுணுக்கமான பாடங்கள் பாதியிலேயே நின்றுவிடும். கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவச் சான்றிதழ், அரச கட்டணங்கள், ட்ரயலுக்கு லொறி கொண்டுபோகும் செலவு, தவறினால் மீண்டும் பரீட்சைக்குப் போகும் செலவு எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ‘ட்ரயல் நிச்சயம் பாஸ்’ என்று உறுதி தரும் இடம் எதை விற்கிறது என்பதை யோசித்தாலே போதும். என்.வி.கியூ. தருவதாகச் சொல்லும் நிலையத்தில் நிறுவனப் பதிவை மட்டும் பார்ப்பது போதாது. அங்கீகாரம் பாடநெறிக்குத் தனித்தனியாக வழங்கப்படுகிறது. தையல் பாடநெறிக்குக் கிடைத்த அங்கீகாரம் அதே கட்டடத்தில் நடக்கும் சாரதிப் பயிற்சிக்கு ஆகாது.

வெளிநாட்டு வேலையை மனதில் வைத்துச் சேர்பவர் அந்த நாட்டு விதியை முன்கூட்டியே அறிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் லொறியைத் தொழிலாக ஓட்ட அனுமதிப்பத்திரத்துக்கு மேலாகத் தனியான தொழிற்தகைமை தேவை. அதற்காக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரத் தொடர் பயிற்சியும் பெற வேண்டும். உள்ளூர்ப் பயிற்சி நிலையம் எதுவும் அதற்கு மாற்றாகாது. அனுப்பிவைப்பதாகச் சொல்லும் முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்றவரா என்று பணியகத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் லொறி ஓட்டியும் கையில் சான்றிதழ் இல்லாதவர்கள் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. முன்பே கற்ற திறனை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை இலங்கையில் நடைமுறையில் உள்ளது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, அதாவது நைட்டா, இந்த மதிப்பீட்டைச் செய்கிறது. இதற்குப் போகிறவர் தன் வேலை அனுபவத்துக்கான சான்றுகளைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டிய லொறியின் உரிமையாளரிடம் எந்த வாகனம், எத்தனை காலம் என்பதைக் குறிப்பிட்டுக் கடிதம் வாங்கி வைப்பது உதவும்.