வாய்மொழியைப் பெயர்த்துரைக்கும் தூதுவன்

புனே நகரில் வேலை பார்க்கும் நம்மவர் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்குத் தமிழன்றிப் பிறமொழி தெரியாது. மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின், மருந்துக்கடைக்காரர் மராத்தியில் கூறுவது அவருக்கு விளங்குவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு கற்ற இளைஞர் ஒருவர் வீட்டில் இருப்பின், இந்த இடர்ப்பாட்டைக் குறைக்கும் சிறு கருவியை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

இப்பணி மூன்று படிகளை உடையது. பேச்சை எழுத்தாக்குவது முதற்படி. எழுத்தை மொழிபெயர்ப்பது இரண்டாவது. பெயர்த்ததை மீண்டும் குரலாக்குவது மூன்றாவது. இம்மூன்றையும் தொலைவிலுள்ள கணினிகள் செய்கின்றன. அவற்றிடம் பணியை ஒப்படைக்கும் வாயிலே ஏ.பி.ஐ. எனப்படுவது. 2023-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பெற்ற சர்வம் ஏ.ஐ. நிறுவனம் இந்திய மொழிகளுக்கென இத்தகைய வாயிலை நடத்தி வருகிறது. அவ்வாயிலின் முறைகளை அறிந்து, நம் பொருட்டுச் சென்று வரும் தூதுவனைப் போன்றது, அதற்கென எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுதி. அதனை என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து பெறலாம்.

மொழிபெயர்ப்புக்குத் தூதுவனிடம் மூன்று செய்திகளைக் கூறவேண்டும்: பெயர்க்க வேண்டிய தொடர், அது அமைந்த மொழி, பெயர்க்க வேண்டிய மொழி. தமிழுக்கு ‘டிஏ-ஐஎன்’, மராத்திக்கு ‘எம்ஆர்-ஐஎன்’ என்பன குறியீடுகள். விடை உடனே வாராது. முதலில் ‘ப்ராமிஸ்’ என்னும் வாக்குறுதிச் சீட்டே கைக்கு வரும். ‘அவெய்ட்’ என்ற சொல்லை இட்டுக் காத்திருக்க மறந்தால், விடைக்குப் பதிலாக அச்சீட்டே மிஞ்சும். புதியவர் பலர் தடுமாறும் இடம் இதுவே. குரலோ ‘பேஸ்64’ என்னும் எழுத்துச் சரமாக வந்து சேரும். அதனை ஒலியாக மாற்றிய பின்னரே கேட்க இயலும்.

வாயிலைத் திறப்பதற்கு இரகசியத் திறவுகோல் ஒன்று தரப்படும். அதனை வலைப்பக்கத்தில் எழுதி வைப்பது, வீட்டுச் சாவியை வாசற்கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். பக்கத்தின் நிரலை எவரும் திறந்து படிக்கலாம். பிறர் பயன்படுத்தினும் கட்டணம் நம்மையே சாரும். ஆகவே திறவுகோலை நம் சர்வரில் மறைத்து வைத்து, பக்கம் சர்வரையும், சர்வர் வாயிலையும் நாடுமாறு அமைத்தல் வேண்டும்.

இனி, முதன்மையான எச்சரிக்கை ஒன்று. முதற்படியில் நேர்ந்த பிழை மூன்றாம் படிவரை தொடர்ந்து செல்லும். ‘வேண்டும்’ என்பது ‘வேண்டாம்’ எனப் பதிவாகுமாயின், தவறான செய்தியையே இயந்திரம் தெளிந்த குரலில் கூறிவிடும். ஆதலின் கேட்ட தமிழைப் பெரிய எழுத்தில் திரையிற் காட்டி, பாட்டி படித்துச் சரியென்று பொத்தானை அழுத்திய பின்னரே மொழிபெயர்க்கச் செய்வோம். கடைக்காரர் மராத்தியில் கூறும் விடைக்கும் இவ்வாறே அவரது ஒப்புதலைப் பெறுவோம். மருந்தின் அளவை மட்டும் மருத்துவரின் சீட்டோடு ஒப்பிட்டே கொள்ளச் சொல்வோம்.

தூதுவன் எத்துணை விரைவாகச் சென்று வந்தாலும், சொல்லுக்குப் பொறுப்பு அனுப்பியவருடையதே. இதனை நினைவிற் கொண்டு அமைத்தால், அயல் மாநிலத்திலும் நம் வீட்டு முதியோர் தம் தேவையைத் தம் வாயாலேயே கேட்டுப் பெறுவர்.