இலங்கைக் கரை அறிமுகப்படுத்திய அரிய திமிங்கிலம்

திமிங்கிலம் என்றதும் நம் மாணவச் செல்வங்கள் நீலத் திமிங்கிலத்தையே எண்ணுவர். திருகோணமலைக் கடலில் அதனைக் கண்டு மகிழ்ந்த பெற்றோரும் நம்மிடையே இருத்தல் கூடும். ஆயின், அதே தீவின் கரையில் ஒதுங்கி அறிவியல் உலகிற்கு அறிமுகமான மற்றொரு திமிங்கிலத்தைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே.

1963 ஆம் ஆண்டு சனவரி 26 ஆம் நாள், கொழும்பிற்குத் தெற்கேயுள்ள இரத்மலானையில், ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமும் நீலச்சாம்பல் நிறமும் கொண்ட பெண் திமிங்கிலமொன்று கரையொதுங்கியது. இலங்கைத் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக நெடுங்காலம் விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல அதனை ஆராய்ந்து, புதிய இனமென அறிவித்தார். அலகு, கூர்மை எனப் பொருள்படும் சிங்களச் சொற்களைக் கொண்டு ‘ஹோட்டௌலா’ எனப் பெயருஞ் சூட்டினார். எனினும், ஈராண்டுகளுள் பிற அறிஞர்கள் அதனை, யப்பானில் 1958 இல் விவரிக்கப்பட்ட கிங்கோப்பல் திமிங்கிலத்தோடு சேர்த்துவிட்டனர். அலகுத் திமிங்கிலங்களுள் பெரும்பாலானவற்றில் ஆணுக்கே பல் வெளித்தோன்றும். பெண்ணை வைத்து இனம் பிரிப்பது எளிதன்று.

அரை நூற்றாண்டின் பின், 2014 இல், மெரெல் டலபவுட் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் எலும்புகளையும் மரபணுவையும் ஒப்புநோக்கி, தெரணியகல கூறியதே சரியென நிறுவினர். அவர்கட்குக் கிடைத்தவை 7 மாதிரிகளே. இலங்கை, மாலைதீவு, சீசெல்ஸ், கிரிபாட்டி, பல்மைரா பவளத்தீவு ஆகிய இடங்களில் அவை கிடைத்தன. ஆகவே, இந்து சமுத்திரத்தினதும் பசிபிக்கினதும் வெப்பக் கடல்களே இதன் வாழிடம் எனலாம்.

இதன் தொகை எவ்வளவு? சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ‘தரவு போதாதது’ என்னும் பிரிவிலேயே இதனை வைத்துள்ளது. இச்சொல்லை ஆபத்தில்லை என்று பொருள்கொள்ளலாகாது. நாம் வாழும் கனடாவையே பாருங்கள். வட அத்திலாந்திக் ரைட் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 380 என எண்ணப்பட்டுள்ளன. தலையிலுள்ள தடிப்புகளைக்கொண்டு ஒவ்வொன்றும் அடையாளங் காணப்படுகின்றது. 2017 இல் சென் லோரன்ஸ் வளைகுடாவில் 12 இறந்தபோது அவ்விழப்பின் பெருமை உடனே புலப்பட்டது; கப்பல்களுக்கு வேகக் கட்டுப்பாடும் வந்தது. ஹோட்டௌலா பன்னிரண்டு வலையில் சிக்கி மடிந்தால் கணக்கிடுவார் யார்?

அலகுத் திமிங்கிலங்கள் கணவாய் தேடி மிக ஆழத்திற் சுழியோடுபவை. மேலே சிறிது நேரமே தங்குவன. கடற்படைகளின் ஒலியலைக் கருவிகளால் இக்குடும்பத்தின் வேறு இனங்கள் கரையொதுங்கி மாண்டதுண்டு. பிளாஸ்டிக் பைகளை இரையென விழுங்குவதும் உண்டு. எனவே இன்றும், கரையொதுங்கும் உடல்களே இவ்வினத்தை அறியும் முதன்மை வழி. இரத்மலானையிற் போல முழு எலும்புக்கூடு கிடைக்க வேண்டுமென்பதில்லை. மீனவர் ஒருவர் எடுத்துக்கொடுக்கும் சிறு தோல் துண்டே இனத்தைக் கூறப் போதுமானது.