தெளிந்த நீரும் தீங்கற்ற நீரும்: கலைச்சொல்லாக்கத்தில் ஒரு சிக்கல்

குடிநீரிற் கலந்துள்ள நச்சுப்பொருள்கள் கருவையும் குழந்தையையும் தாக்குவது பற்றியும், மூலிகைகள் அத்தாக்கத்தைக் குறைப்பது பற்றியும் வெளிவரும் ஆய்வுகளைத் தமிழாக்குவோர்க்கு முதல் தடையாக நிற்பது 'டெவலப்மென்டல் டாக்ஸிசிட்டி' என்னும் தொடரே. சொல்லுக்குச் சொல்லாக 'வளர்ச்சி நச்சுத்தன்மை' எனப் பெயர்த்தால் வளர்ச்சியே நஞ்சு என்றும் பொருள்படும். தொகையில் மறைந்துள்ள வேற்றுமையை இங்கு விரித்தாக வேண்டும். 'வளர்பருவ நச்சுப் பாதிப்பு' சற்று நீளமாயினும், பருவத்தைச் சுட்டுவதால் ஏற்புடையது.

பருவம் இங்கு முதன்மை பெறுவதற்குப் புளோரைடு நல்ல சான்று. இந்நச்சால் விளையும் எலும்பு நோய் அன்றைய சென்னை மாகாணத்தில் 1937இல் விவரிக்கப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பல் உருவாகும் ஆண்டுகளில் புளோரைடு மிகுதியாக உடலிற் சேர்ந்தால் பற்சிப்பி கறைபடுகிறது. பின்னர் நீரை மாற்றினும் அக்கறை மறைவதில்லை.

ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவர்க்கு நாள்தோறும் 10 கிராம் புளி 18 நாள்கள் அளிக்கப்பட்டது. சிறுநீர்வழிப் புளோரைடு வெளியேற்றம் மிகுந்தது. ஆய்வு கூறுவது அவ்வளவே. 'வெளியேற்றத்தை மிகுவிக்கும்' என்பது 'நோயைத் தீர்க்கும்' என்றானால் பிழை ஒரு வினைச்சொல்லில்தான். ஆனால் அது சிறு பிழையன்று.

'புரொடெக்டிவ்' என்பதும் இத்தகையதே. ஆர்செனிக் ஊட்டிய எலிகளுக்கு மஞ்சளின் குர்குமினைக் கொடுத்துச் செய்த சோதனைகளில் கண்டது கேட்டின் குறைவேயன்றி இன்மையன்று. 'பாதுகாக்கும்' என்று படிக்கும் கருவுற்ற பெண் மஞ்சளை நம்பி அதே கிணற்று நீரைத் தொடர்ந்து பருகக்கூடும். 'கேட்டைக் குறைக்கும்' என்பதே நேரிய பெயர்ப்பு. எந்த உயிரினத்தில் என்பதும் உடன் வரவேண்டும்.

நம் வழக்கிலுள்ள சொற்களும் மயக்கம் தருவன. தேற்றான் கொட்டையைப் பானையின் உட்புறம் இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது கலித்தொகைக் காலத்திலேயே அறியப்பட்ட முறை. 'தேற்று' என்னும் வினை நீரின் தெளிவையும் மனத்தின் ஆறுதலையும் ஒருங்கே தருவது, ஆபத்தும் அங்கேதான். கரைந்த ஆர்செனிக்கும் புளோரைடும் பளிங்கு போன்ற நீரிலும் இருக்கக்கூடும். ஆதலால் 'தெளிவித்தல்', 'நச்சுநீக்கம்' ஆகிய இரண்டையும் ஒருபொருட் பன்மொழியாக ஆளலாகாது. புளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறையிலும் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு வண்டலைப் படியவிடுவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நீங்கும் பொருள் வேறு.