பதினொன்றில் எத்தனை பாடம்?

கல்லாறு என்றதும் நம்மவரில் பலருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயில் பாதையிலுள்ள கல்லாறுதான் நினைவுக்கு வரும். நான் கடை வைத்திருப்பது அந்தக் கல்லாற்றில் அன்று. திருவனந்தபுரம் மாவட்டம், நெடுமங்காடு தாலுகா, விதுரா தாண்டிப் பொன்முடிக்குப் போகும் பாதையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற கல்லாறு. மேலே தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்க்கும் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்கள் சாமான் வாங்க இறங்கி வரும்போது என் கடைத் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பத்தாம் வகுப்பு முடிவு வந்தவுடன் எனக்குப் பாத்திர வியாபாரம் குறைந்து ஆலோசனை வியாபாரம் ஏறிவிடும். நான் படித்தது தமிழ்நாட்டின் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., 1976-இல். அதற்கு மேல் கல்லூரி வாசல் மிதித்தவன் இல்லை. ஆனாலும் பிள்ளைகளைச் சேர்க்கும் விளக்கக் குறிப்பேடுகளைப் படித்துச் சொல்ல இந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் என்னிடம் வருகிறார்கள்.

சென்ற முறை தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா தன் மகளை அழைத்து வந்தார். "கணக்கையும் உயிரியலையும் சேத்து எடுத்தா டாக்டரும் ஆகலாம், எஞ்சினீயரும் ஆகலாம்னு எல்லாரும் சொல்றாங்க அண்ணாச்சி. இவ கணக்கு வேண்டாங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "தாத்தா, எனக்கு நர்ஸ் ஆகணும். அதுக்கு எத்தன பாடம் வேணும்?" என்று கேட்டாள்.

எந்தப் பாடம் என்று கேட்பவர்கள்தாம் அதிகம். எத்தனை என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் எனக்குத் தெரிந்தவற்றை இம்மலரைப் படிக்கும் பெற்றோர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கேரளத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மேல்நிலைக் கல்வியில் பாடங்கள் ஆறு. ஆங்கிலம் ஒன்று, இரண்டாம் மொழி ஒன்று, விருப்பப் பாடங்கள் நான்கு. இரண்டாண்டும் சேர்த்துப் பாடத்துக்கு 200, ஆகமொத்தம் 1200 மதிப்பெண். ஆறிலும் குறைந்தது டி பிளஸ் வாங்கினால்தான் மேற்படிப்புக்குத் தகுதி. ஒன்றில் சறுக்கினாலும் மற்ற ஐந்தும் காத்திருக்க வேண்டியதுதான். விருப்பப் பாடம் என்று பெயரே தவிர, நமக்கு விருப்பமானதை ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியாது. அரசு கட்டிவைத்த கட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அறிவியலில் மட்டும் ஒன்பது கட்டுகள். உயிரியலோடு கணிதத்துக்குப் பதில் மனையியல் உள்ள கட்டு உண்டு, உளவியல் உள்ள கட்டும் உண்டு. ஆனால் காகிதத்தில் ஒன்பது இருந்து என்ன? மலையடிவாரத்துப் பள்ளிகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பெரும்பாலும் அது இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என்கிற கட்டு. நம் ஜனங்கள் 'பயோ மேத்ஸ்' என்று பக்தியோடு உச்சரிப்பது இதைத்தான்.

இந்தக் கட்டு ஆதியிலிருந்து வந்தது அன்று. கேரளத்தில் 1964 முதல் கல்லூரிகளில் இரண்டாண்டு பிரீடிகிரி இருந்தது. அதில் மொழிகள் இரண்டு போக விருப்பப் பாடங்கள் மூன்றுதான். முதல் குரூப் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல். இரண்டாம் குரூப் என்றால் கணிதம் போய் உயிரியல் வரும். பையன் டாக்டருக்கா எஞ்சினீயருக்கா என்பதைச் சேரும் அன்றே முடிவு கட்ட வேண்டும். 1990-91இல் பள்ளிகளில் பிளஸ் டூ தொடங்கி, 2000-01இல் பிரீடிகிரி கல்லூரிகளை விட்டு முற்றிலும் பிரிந்தபோது, மூன்று நான்காயிற்று. முடிவை இரண்டாண்டு தள்ளிப்போட அந்த நான்காவது இடம் பயன்பட்டது. அதன் நன்மை பெரிது, மறுக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் மனம் எப்படித் தெரியும்? ஆனால் அப்படித் தள்ளிப்போட்டதற்குரிய வட்டியைப் பிள்ளைதான் இரண்டாண்டும் கட்டுகிறது.

இந்த வட்டியைக் குறைக்கலாம் என்று தமிழ்நாட்டில் ஒரு முயற்சி நடந்தது, பலர் மறந்திருப்பார்கள். அங்கே பிளஸ் டூ 1978-இல் வந்தது. தமிழ், ஆங்கிலம், நான்கு முதன்மைப் பாடங்கள் என்று ஆறு. நெடுங்காலம் மொத்தம் 1200 மதிப்பெண்ணாக இருந்து, 2017-18 முதல் பாடத்துக்கு 100 என்று 600 ஆனது. அங்கே பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குத்தான் கட் ஆஃப். உயிரியலில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அதில் கால் மதிப்பெண் ஏறாது. மருத்துவத்துக்கோ நீட் தேர்வு, அதில் கணிதம் என்ற பேச்சே இல்லை. அப்படியிருக்க ஏன் நான்கு என்று கேட்டு, 2019 செப்டம்பரில் அரசு ஓர் ஆணை போட்டது. விரும்புகிறவர்கள் மூன்று முதன்மைப் பாடங்களோடு ஐந்து பாடம், 500 மதிப்பெண் என்று படிக்கலாம், வேண்டியவர்கள் பழையபடி ஆறும் படிக்கலாம், 2020-21 முதல் நடைமுறை என்றார்கள். கதவை அடைக்கிறார்கள் என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் எதிர்த்தார்கள். 2020-இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, ஆறு பாடமே நிலைத்தது.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஊர்ப்புறப் பள்ளிகளில் ஐந்து பாடம் என்று வந்தால், பிள்ளை கேட்டா ஒரு பாடத்தை விடுவார்கள்? ஆசிரியர் இல்லாத பாடத்தைப் பள்ளியே விட்டுவிடும். இது என் ஊகம்தான், ஆனால் நாற்பது வருஷக் கடைக்காரனின் ஊகம். சரக்கு இல்லாத கடைக்காரன் வாடிக்கைக்காரரின் விருப்பத்தை மாற்றிவிடுவான்.

கடல் கடந்தும் இதே வழக்குதான். இலங்கையில் நம் தமிழ்ப் பிள்ளைகள் உயர்தரத்தில் முன்பு நான்கு பாடம் எழுதினார்கள். கணிதப் பிரிவில் தூய கணிதம், பிரயோக கணிதம் இரண்டும் தனித்தனி. உயிரியலில் தாவரவியல் வேறு, விலங்கியல் வேறு. 2000-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து மூன்று பாடம் ஆனது. இரண்டு கணிதம் சேர்ந்து இணைந்த கணிதம் ஆயிற்று. தாவரமும் விலங்கும் சேர்ந்து உயிரியல் ஆயிற்று. எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததே ஒழிய, இரண்டு மூட்டையை ஒரு மூட்டையாகக் கட்டினால் தூக்குகிறவன் தோளுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. இங்கிலாந்தில் 2000-இல் ஆரம்பித்த முறையில் முதல் வருஷம் நான்கு பாடம் எடுத்துப் பார்த்து, அடுத்த வருஷம் ஒன்றை விட்டு மூன்றோடு போகலாம். நல்ல ஏற்பாடு, துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குவது போல. 2015-இல் அதையும் பிரித்துவிட்டார்கள். இப்போது அங்கே பெரும்பாலும் மூன்றுதான். லண்டனில் உறவினர் இருப்பவர்கள் 'அங்கே மூன்றே பாடம்' என்று பெருமூச்சு விடுவதைக் கேட்கிறேன். அந்த மூன்றில் ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. எண்ணிக்கை உண்மையிலேயே நம் கையில் இருப்பது மத்திய வாரியங்களில்தான். ஐ.எஸ்.சி.யில் ஆங்கிலம் கட்டாயம். அதோடு விருப்பப் பாடம் மூன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம். சி.பி.எஸ்.இ.யில் ஐந்து கட்டாயம், ஆறாவது விருப்பம். அந்த ஆறாவது ஒரு காப்பும் ஆகும். ஐந்தில் ஒன்று தவறிப்போனால், விதிகளுக்கு உட்பட்டு ஆறாவது அந்த இடத்தை நிரப்பும். மாநில வாரியத்தில் ஆறாவது பாடம் கழுத்துக்குக் கத்தி, அங்கே அது கவசம். எண் ஒன்றுதான், வேலை வேறு. 'அவங்க பிள்ளை ஆறு படிக்குது, நம்ம பிள்ளை ஐந்தா?' என்று ஒப்பிடுவது அதனால் பொருந்தாது.

சி.பி.எஸ்.இ. ஐந்துக்கும் கேரளத்தின் ஆறுக்கும் நடுவே குறைவது எது என்று எண்ணிப் பாருங்கள். இயற்பியல் குறையவில்லை, கணிதம் குறையவில்லை. குறைவது இரண்டாம் மொழி. கேரள மேல்நிலைக் கல்வியில் இரண்டாம் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யில் தமிழ் வேண்டுமென்றால், பள்ளியில் கற்பித்தால், அந்த விருப்பமான ஆறாவது இடத்தில்தான் பெரும்பாலும் வைக்க முடியும். அந்த இடத்தில் உடற்கல்வியையோ கணினியையோ வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம், மதிப்பெண் வரும் என்பதற்காக. சங்கத்தில் மேடை போட்டுத் தமிழ் வாழ்க என்கிறோம். பாடத்தின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று வந்தால் முதலில் இறக்கிவிடுவது தமிழைத்தான். என் வீட்டிலும் அதுதான் நடந்தது, அதனால் யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

என் வீட்டுக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 2004-இல் மூத்த மகன் பிளஸ் ஒன் சேர்ந்தான். கடைப் பேரேட்டில் தப்பு கண்டுபிடிக்கிற பையன். கணக்கு வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, உயிரியல்தான் வேண்டாம் என்றான். ஆய்வுக்கூடத்தில் கரப்பான் பூச்சியை அறுக்கச் சொல்வார்கள், என்னால் முடியாதப்பா என்றான். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். விளக்கில் பூச்சி விழும் என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற குடும்பம். அப்படிப்பட்ட நான், 'படிப்புக்காகத்தானே, பாவமில்லை, நாலு பாடமும் இருந்தால் ரெண்டு கதவும் திறந்திருக்கும்' என்று சொல்லிச் சேர்த்தேன். இரண்டு நுழைவுத் தேர்வையும் எழுதினான். இரண்டிலும் இடம் வரவில்லை. பயோவுக்குப் போன நேரம் கணக்கைத் தின்றது, கணக்குக்குப் போன நேரம் வேதியியலைத் தின்றது. ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு பி.காம். சேர்ந்தான். இன்று நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி என்னிடம் பேச மாட்டான்.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது பசுவை மேல் தரத்திலும் ஆட்டைக் கடைத் தரத்திலும் வைத்தார். ஆடு ஒரு செடியில் வயிறு நிரம்பாமல் செடிக்குச் செடி தாவி நுனி கிள்ளும். பசு நல்ல புல் கண்ட இடத்தில் நிறைய மேய்ந்து, பிறகு நிழலில் படுத்து அசை போடும். எத்தனை செடி என்பதை விட, அசை போட நேரம் இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. என் மகனை ஆடாக்கியது அவன் குணமன்று, நான் போட்ட பட்டி.

ஆகையால் அந்தப் பெண்ணிடம் பாடத்தை எண்ணாமல் நேரத்தை எண்ணினோம். காலை எத்தனை மணி பஸ்? மாலை ஆய்வுக்கூடம் முடிந்து எந்தப் பஸ்? மழைக்காலத்தில் பொன்முடிப் பாதையில் மண் சரிந்தால் பஸ்ஸே இராது. பொழுது போனால் யானை நடமாட்டம் வேறு. டியூஷன் என்றால் நெடுமங்காடுவரை போக வேண்டும். எல்லாம் கழித்தால் வீட்டில் உட்கார்ந்து படிக்க அவளுக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். செவிலியர் பட்டப் படிப்புக்கு வேண்டியவை இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம். அவள் கேள்விக்கு நேரான பதில், நான்கு. மீதி இரண்டை அரசு சேர்க்கிறது.

அந்த இரண்டில் கணிதம் இல்லாமல் போக வழி இருக்கிறதா என்று பார்த்தோம். உளவியல் கட்டு நகரத்தில்தான் கிடைக்கும், அது தங்கிப் படிக்கிற செலவு. கேரளத்தில் தொழிற்கல்வி மேல்நிலை என்று ஒரு பிரிவு உண்டு. அதில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் தொழில் முனைவுப் பாடமும் ஒரு தொழிற்பாடமும். பின்னால் கணிதம் வேண்டும் என்று தோன்றினால் கூடுதல் பாடமாகச் சேர்க்கவும் இடம் உண்டு. குறை என்னவென்றால், இரண்டாம் மொழி அதில் கிடையாது.

அந்த அம்மாவுக்குப் பயம் போகவில்லை. "நாளைக்கு இவ மனசு மாறிட்டா?" என்றார். நியாயமான பயம். கணிதம் இல்லாவிட்டால் பொறியியல் போகும், கட்டடக்கலை போகும், டில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் போன்றவையும் போகும். இதை மறைக்காமல் சொன்னேன். உயிரியலை விட்டவர்களுக்கு இன்று ஒரு பின்வாசல் இருப்பதையும் சொன்னேன்: 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பன்னிரண்டு முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களையும் நீட் எழுத அனுமதித்தது. என் மகன் காலத்தில் இந்த வழி எங்களுக்குத் தெரிந்திருந்தால், அவனை உயிரியல் இல்லாமலே விட்டிருப்பேனா? அப்போதிருந்த என் புத்திக்கு, விட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

மகள் இரண்டு நாள் யோசித்துத் தொழிற்கல்விப் பிரிவையே கேட்டாள். சேர்ந்துவிட்டாள். மலையாள வழியில் படித்த பெண், தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. இரண்டாம் மொழியும் போனதில் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும்போது அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. போன வாரம் சாமான் பொதிந்த பழைய தினசரித் தாளிலிருந்து ஒரு விளம்பரத்தை முழுதாகப் படித்தாள். 'றகரம் மட்டும் கஷ்டமா இருக்கு தாத்தா' என்றாள், அதற்குள் பஸ் வந்துவிட்டது.