மேக்ஸ் பார்னுக்கு பெங்களூருல கிடைக்காத வேலை

ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ்ல வேவ் ஃபங்ஷன் படிச்சது ஞாபகம் இருக்கா? அதோட மதிப்பை ஸ்கொயர் பண்ணினா, எலெக்ட்ரான் அந்த இடத்துல இருக்குறதுக்கான ப்ராபபிலிட்டி தெரியும்னு ரெண்டு மார்க்குக்கு எழுதியிருப்போம். அந்த விளக்கத்தைக் கொடுத்தவர் மேக்ஸ் பார்ன். அதுக்காக 1954-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் 1935-36-ல் சுமார் ஆறு மாசம் பெங்களூருல இருந்தார். ஆம்பூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா சில மணி நேரத்துல போயிடுற அதே பெங்களூரு. ஏன் வந்தார், ஏன் போனார்ங்கறது நம்ம சிலபஸ்ல வராது.

பார்ன் ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7-ல் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. அந்த மாசமே பார்னைப் பணியிலிருந்து நிறுத்தி வெச்சாங்க. இத்தனைக்கும் அவர் 1914-லேயே ஞானஸ்நானம் வாங்கியவர். எதை நம்புறார், எப்படி வாழ்றார்னு யாரும் கேட்கல. எந்தக் குடும்பத்துல பிறந்தார்ங்கறது மட்டும் போதுமா இருந்தது.

அதே ஏப்ரல் 25-ல் இன்னொரு சட்டம்: பள்ளி, கல்லூரிகளில் புதுசா சேர்றவங்கள்ல யூதர்கள் 1.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மே 10-ல் பெர்லின் உட்பட பல ஊர்களில் புத்தகங்களைக் குவிச்சு எரிச்சாங்க. அதை ஏற்பாடு பண்ணினது ஜெர்மன் மாணவர் சங்கம். அதாவது நம்ம வயசுப் பசங்க.

1945-க்குள் கிட்டத்தட்ட 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டாங்க. ஆஷ்விட்ஸ் முகாம் இன்னிக்கு ஒரு மியூசியம். கொண்டுவரப்பட்டவங்ககிட்டயிருந்து பறிச்ச ஷூக்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல அங்க இருக்கு. ஒரு ஷூவுக்குப் பின்னாடி எத்தனை பேரோட உழைப்பு இருக்குன்னு ஷூ கம்பெனி ஊர்ல வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இப்போ பெங்களூருக்கு வருவோம். அப்போ இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் சர் சி.வி. ராமன். அவர்தான் பார்னை அழைச்சார். நிரந்தரமா ஒரு பேராசிரியர் பதவி கொடுக்கவும் ஆசைப்பட்டார். அதைப் பேசிய கூட்டத்தில் பார்னும் உட்கார்ந்திருந்தார். ஆஸ்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்தே துரத்தப்பட்ட இரண்டாந்தர வெளிநாட்டுக்காரர் நமக்கு எதுக்குங்கற அர்த்தத்தில் பேசினார். (பேசியவரும் இங்கே வெளிநாட்டுக்காரர்தான்!) அந்த அவமானம் எவ்வளவு வலிச்சதுன்னு பார்னே பின்னாடி எழுதியிருக்கார். வேலை கிடைக்கல. 1936-ல் எடின்பரோ போயிட்டார்.

கவனிங்க. 'யூதர்' என்ற வார்த்தையே அங்க தேவைப்படல. ஒருத்தரை அநியாயமா துரத்தினாங்க. துரத்தப்பட்டதையே அவரோட குறையா மாத்தியாச்சு. வெறுப்பு ஊர் விட்டு ஊர் போறது இப்படித்தான்.

யூத வெறுப்போட அடிப்படைக் கணக்கு ரொம்ப சிம்பிள்: ஒரு கூட்டத்து மேல ஒரு பழி, அப்புறம் அந்தப் பழிக்கு உங்க பக்கத்துல இருக்குற ஒருத்தர் பொறுப்பு. மும்பைக் கவிஞர் நிசிம் எசக்கியேல் பெனே இஸ்ரேல் எனும் யூத சமூகத்தைச் சேர்ந்தவர். கிறிஸ்தவப் பள்ளியில் படிச்சப்போ, கூடப் படிச்ச பசங்க ஏசுவைக் கொன்ற பழியைத் தன் மேல போட்டதை ஒரு கவிதையில் சொல்லியிருக்கார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு ஒரு ஸ்கூல் பையன் பதில் சொல்லணுமாம்.

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் தாக்குதல், அதைத் தொடர்ந்து காஸா போர். அதுக்கப்புறம் அமெரிக்கக் கல்லூரிகளில் இதே கேள்வி சூடா எழுந்தது. ஒண்ணைத் தெளிவா சொல்லிடலாம். காஸாவில் செத்த குழந்தைகளுக்காகக் குரல் கொடுக்கிறதும், இஸ்ரேல் அரசைக் கண்டிக்கிறதும் யூத வெறுப்பு ஆகாது. ஆனா நெதன்யாகு பண்றதுக்கு லேப்ல பக்கத்து டேபிள்ல இருக்குற யூத மாணவியை நிறுத்திக் கேள்வி கேட்டா, அவங்க வரும்போது எல்லாரும் எழுந்து போனா, அது யூத வெறுப்பு.

"நம்ம காலேஜ்ல யூதர் யாருமே இல்லையே ப்ரோ"ன்னு நீங்க கேட்கலாம். எம்.எஸ். பண்ண ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போறவங்க நம்ம பேட்ச்லயே இருக்காங்க. அது ஒரு பக்கம். இன்னொண்ணு, கணக்கு அதே கணக்கு, ஆள்தான் வேற. 2019-ல் புல்வாமா தாக்குதலுக்கு அப்புறம் டேராடூன்ல காஷ்மீரி மாணவர்கள் ரூமைக் காலி பண்ணிட்டு ஓட வேண்டியிருந்தது. 2020-ல் வடகிழக்கு மாணவர்களை 'கொரோனா'ன்னு கூப்பிட்டாங்க. வெடிகுண்டு நியூஸ் வந்த மறுநாள் வாணியம்பாடி பையன்கிட்ட "உங்க ஆளுங்க ஏன் இப்படி?"ன்னு கேட்டாலும் இதுதான். பேர்ணாம்பட்டு பொண்ணைப் பார்த்து 'டேனரி வாடை'ன்னு சிரிச்சா, அந்த ஜோக்கோட குறி வாடை இல்ல, சாதின்னு எல்லாருக்கும் தெரியும்.

என்ன பண்ணலாம்?

கண்டிப்பான சாருக்கு 'ஹிட்லர்'னு பட்டப்பேர் வைக்கிறதையும், 'ஹிட்லர் மாதிரி ஒருத்தர் வரணும்'னு ஸ்டேட்டஸ் போடுறதையும் விட்டுடலாம். அந்த 60 லட்சம் பேர்ல ஒரு குடும்பத்தோட பேத்தி அதைப் படிக்கிறாங்கன்னு வெச்சுப் பாருங்க.

யாரையும் அவங்க மதத்துக்கோ நாட்டுக்கோ செய்தித் தொடர்பாளரா ஆக்காதீங்க. குரூப்ல ஒருத்தரைக் குறி வெச்சா, அவருக்குத் தனியா ஒரு மெசேஜ் போடுங்க. மறுநாள் கேன்டீன்ல அவர் கூட உட்காருங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. 2016-ல் யூஜிசி ராகிங் விதிகளைத் திருத்தினப்போ, மதம், இனம், சாதி, நிறம், மொழி, பிறந்த ஊர், நாடு இதையெல்லாம் வெச்சு ஒரு மாணவரை உடலாலயோ மனசாலயோ துன்புறுத்துறதும் ராகிங்தான்னு சேர்த்தாங்க. அதனால 1800-180-5522 ஹெல்ப்லைன்ல புகார் கொடுக்கலாம்.

புகார் அளவுக்குப் போகாத விஷயங்கள்தான் அதிகம். அங்கெல்லாம் "டேய், அவன் என்னடா பண்ணான்?"னு கேட்க ஒருத்தர் போதும். அந்த ஒருத்தரா நீங்க இருங்க.