பம்பியை இயக்கும் மணிக்கூடு

கடைகளில் டைமர் என்று கேட்டு வாங்கப்படும் நேர ஆளிக்குள் இரண்டு தனித்தனி மின்சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று மணிக்கூட்டை ஓட்டுகிறது. அதற்குச் சில வாட் மின்சாரம் போதும். மற்றது பம்பியின் மோட்டருக்கு மின்சாரத்தைக் கொடுத்து எடுக்கும் தொடுகை. அதன் வழியே பல அம்பியர் பாய்கிறது. ஒரே மூடியின் கீழ் இருப்பதால் இவ்விரண்டும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. இணைக்கும்போது நேரும் பிழைகளுக்கும், பழுது தேடும்போது வரும் குழப்பங்களுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

சப்ரகமுவ மாகாணத்தின் தெரணியகலைப் பக்கத்தில் இக்கருவிக்கு இரு வேலைகள் உண்டு. கித்துல்கலையில் ஆற்றுப் படகுச் சவாரிக்கு வருவோர் தங்கும் விடுதிகளில் அது நீச்சல் தடாகத்தின் நீரை மணல் வடிகட்டி வழியே சுற்றவைக்கிறது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ மேட்டிலுள்ள தாங்கிக்கு நீரேற்றும் மோட்டரை இயக்குகிறது. மலையிலிருந்து தானாக இறங்கிவரும் பீலித் தண்ணீர் எட்டும் லயங்களுக்கு மோட்டரே வேண்டாம். ஊற்றைவிட உயரத்தில் அமைந்த குடியிருப்புகளுக்குத்தான் அது தேவைப்படுகிறது. தடாகமானாலும் தாங்கியானாலும் மின்னிணைப்பின் அடிப்படை ஒன்றே.

பம்பி எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பது முதலில் தீர்மானிக்க வேண்டியது. 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் சராசரி 1.4 மீற்றர் ஆழமும் உள்ள தடாகம் ஏறக்குறைய 45 கன மீற்றர் நீரைக் கொள்ளும். மணிக்கு 9 கன மீற்றர் இறைக்கும் பம்பி அந்த அளவு நீரை 5 மணி நேரத்தில் வடிகட்டிக்குள் செலுத்திவிடும். ஆனால் வடிகட்டிய நீர் வடிகட்டாத நீருடன் மீண்டும் கலந்துகொண்டே இருப்பதால், அந்த 5 மணி நேரத்தில் தடாகத்து நீரில் சுமார் 63 வீதம் மட்டுமே ஒரு தடவையாவது வடிகட்டியைக் கடந்திருக்கும். இரண்டு சுற்றுக்குப் பின் இது 86 வீதமாகிறது. மரஞ்செடிகளின் இலையும் மழை அடித்துவரும் மண்ணும் விழும் தடாகத்துக்கு ஒரு சுற்று போதாது என்பதற்கு இதுவே காரணம்.

எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்பதை மின்கட்டணமும் முடிவு செய்கிறது. பெரிய விடுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரிய கட்டண முறையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். அலகொன்றின் விலை அப்போதுதான் மிக அதிகம். இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை விலை குறைவு. நீரேற்றும் வேலையை முழுவதும் இரவுக்குத் தள்ளிவிடலாம். தடாகத்துக்கு அது பொருந்தாது. குளோரின் வெயிலில் சிதைவதால் பகலிலும் சில மணி நேரம் நீர் சுழல வேண்டும்.

நேர ஆளியின் மணிக்கூடு இரு வகைப்படும். பழைய வகை, மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஒத்துச் சுழலும் ஒத்தியங்கு மோட்டரால் ஓடுவது. மின்நிலையத்தின் மின்பிறப்பாக்கி சுழலும் வேகமே அதன் நாடித்துடிப்பு. அமெரிக்கரான ஹென்றி வாரன் 1916இல் இந்த முறையில் ஓடும் மணிக்கூட்டை உருவாக்கினார். அதற்காக மின்நிலையங்கள் தம் அலைவெண்ணைத் துல்லியமாகப் பேணவேண்டி வந்தது. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அமெரிக்காவினுடையது 60. அங்கிருந்து தருவிக்கப்பட்ட 240 வோல்ட் நேர ஆளியை இங்கே இணைத்தால் அது குறையில்லாமல் ஓடுவதாகவே தோன்றும். ஆனால் அதன் வேகம் ஆறில் ஐந்து பங்குதான். அதன் ஒரு நாள் முடிய 28 மணி 48 நிமிடம் எடுக்கும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பின்தங்கும் மணிக்கூட்டில் பழுது எதுவும் இல்லை, அதன் தகட்டில் 60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கும், அவ்வளவே. சப்ரகமுவவின் மலைக்கிராமங்களில் 1990களில் பரவிய சிறு நீர்மின் திட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. தேசிய மின்வலையோடு இணையாத அத்தகைய திட்டத்தில் சுமைக்கேற்ப அலைவெண் ஏறி இறங்குவதால், ஒத்தியங்கு மணிக்கூட்டின் நேரத்தை நம்ப முடியாது.

மின்வெட்டின்போது இந்த வகை மணிக்கூடு அப்படியே நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அப்படி ஒரு நாள் கழிந்தபின் யாரும் முகப்பைத் திருத்தாவிட்டால், காலை 6 மணிக்கு ஓடவேண்டிய பம்பி மாலை 7 மணிக்கு, உச்ச நேரத்தின் நடுவே ஓடத் தொடங்கும். குவாட்ஸ் பளிங்கும் உள்ளே மின்கலமும் கொண்ட இரண்டாம் வகை, மின்சாரம் இல்லாத வேளையிலும் நேரத்தைத் தவறவிடாது. மின்வெட்டும் இடியும் மலிந்த இடத்தில் சற்று விலை கூடினாலும் இதையே வாங்குவது நல்லது. அதன் மின்கலமும் சில ஆண்டுகளில் சோர்ந்துபோகும். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் நேரம் அழிந்துவிட்டால் பழுது மின்கலத்தில்தான்.

இணைக்கும் வேலையில் முதல் ஆபத்து கம்பியின் நிறம். இலங்கையின் பழைய கட்டடங்களில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. புதிய முறையில் லைவ் மண்ணிறம், நியூட்ரல் நீலம், எர்த் பச்சையும் மஞ்சளும். தேயிலைத் தொழிற்சாலைபோல மும்முனை மின்சாரம் உள்ள இடத்தில் இது உயிரைப் பறிக்கும் குழப்பமாக மாறலாம். பழைய மும்முனை வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் லைவ். புதியதில் நீலம் நியூட்ரல், கறுப்பு லைவ். பாதி பழையதும் பாதி புதியதுமான வயரிங்கில் நிறத்தை நம்பி நீலக் கம்பியைத் தொடுபவர் 230 வோல்ட்டைத் தொடக்கூடும். மெயின் சுவிட்சை நிறுத்தி, மல்டிமீற்றரால் ஒவ்வொரு கம்பியையும் மற்றொன்றோடும் எர்த்தோடும் அளந்து பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். தகுதி பெற்ற மின்பணியாளர் செய்யவேண்டிய வேலை இது.

நேர ஆளியின் முனைகளில் மின்சாரம் உள்ளே வரும் பக்கமும் பம்பிக்குப் போகும் பக்கமும் உண்டு. பல மாதிரிகளில் மணிக்கூட்டின் மோட்டர் உள்வரும் பக்கத்திலேயே இணைந்திருக்கும். இரு பக்கமும் மாறிப்போனால் விளைவு விசித்திரமாக இருக்கும். முதல் நாள் பம்பி ஓடும், குறித்த நேரத்தில் நிற்கும், பிறகு எழவே எழாது. தொடுகை திறந்ததும் மணிக்கூட்டுக்கும் மின்சாரம் நின்றுவிடுவதால், அதை மறுபடி மூடவேண்டிய நேரம் அந்த முகப்பில் வருவதே இல்லை. ஒரு தடவை நின்று பிறகு உறைந்துபோகும் நேர ஆளியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்குமுன் முனைகளைப் பார்த்தால் காசு மிஞ்சும்.

உறையில் 16 அம்பியர் என்று எழுதியிருப்பதைக் கண்டு நேர ஆளியின் தொடுகையிலேயே மோட்டரை இணைத்துவிடுவது பரவலான வழக்கம். அந்த எண் மின்குமிழ், சூடாக்கி போன்ற சுமைகளுக்கு உரியது. ஒரு குதிரை வலுவுள்ள ஒருமுனை மோட்டர் ஓடும்போது 5 அல்லது 6 அம்பியரே எடுத்தாலும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்தக் கணத்தின் தீப்பொறி நாளடைவில் தொடுகைகளை உருக்கி ஒட்டவைத்துவிடும். ஆகவே நேர ஆளி, கொன்டாக்டர் எனப்படும் கனத்த ஆளியின் மின்காந்தச் சுருளை மட்டும் இயக்க வேண்டும். மோட்டரின் மின்சாரம் கொன்டாக்டர் வழியே போக வேண்டும். லைவ் முதலில் மிகைச்சுமைக் காப்பின் தொடுகைக்கும், அங்கிருந்து நேர ஆளிக்கும், பிறகு ஏ1 என்று குறித்த சுருள் முனைக்கும் செல்லும். ஏ2 முனை நியூட்ரலுக்கு. நீரேற்றும் பம்பியானால் நேர ஆளிக்கும் சுருளுக்கும் இடையே தாங்கியின் மிதவை ஆளியைச் சேர்க்கலாம். அப்போது நேரம் வந்தாலும் தாங்கி நிறைந்திருந்தால் மோட்டர் ஓடாது.

தோட்டங்களில் தூரமும் ஒரு சிக்கல். ஓடையோரப் பம்பி, மின்சாரம் உள்ள கட்டடத்திலிருந்து 200 மீற்றர் தள்ளியிருப்பது அரிதல்ல. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி ஒரு கிலோமீற்றருக்கு 7.4 ஓம் தடை உள்ளது. போய்வர 400 மீற்றருக்கு ஏறக்குறைய 3 ஓம். 6 அம்பியர் பாயும்போது 18 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். தொடங்கும் கணத்தில் இழப்பு 60 வோல்ட்டையும் தாண்டும். மோட்டரின் முறுக்குவிசை வோல்ட்டளவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். மோட்டர் உறுமும், சுழலத் திணறும். கொன்டாக்டரும் அந்த முனையில் இருந்தால், மாலையில் வோல்ட்டளவு தாழ்ந்த வேளைகளில் அது படபடவென்று அடித்துத் தன் தொடுகைகளைத் தானே எரித்துக்கொள்ளும். 6 சதுர மில்லிமீற்றர் கம்பியில் ஓட்ட இழப்பு 7.4 வோல்ட்டுக்குள் அடங்கும். நேர ஆளியில் தேடப்படும் பல பழுதுகள் உண்மையில் இந்த மெல்லிய கம்பியில் இருக்கின்றன.

நீர் உள்ள இடத்தில் எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் பேரம் பேசுவதற்குரியவை அல்ல. இலங்கையில் வீட்டுக்கு வீடு தனி எர்த் கம்பி நிலத்தில் இறக்கப்படுகிறது. நிலத்தின் தடை 50 ஓம் எனக் கொண்டால், மோட்டரின் உடலில் மின்சாரம் கசிந்தாலும் 4.6 அம்பியரே நிலத்துக்குள் பாயும். 16 அம்பியர் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. லைவில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் 30 மில்லி அம்பியர் வேறுபட்டால் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சே அங்கு உயிரைக் காக்கிறது. தடாகத்தின் விளிம்பிலிருந்து முதல் 2 மீற்றரும் அதையடுத்த 1.5 மீற்றரும் பாதுகாப்பு வலயங்கள். நேர ஆளிப் பெட்டி அவற்றுக்கு அப்பால், நீர் புகாத உறைக்குள் இருக்க வேண்டும்.

பம்பி ஓடவில்லை என்றால் முதற்கேள்வி, மணிக்கூடு ஓடுகிறதா என்பது. அதுவும் நின்றிருந்தால் பழுது நேர ஆளிக்கு முன்னால்: பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், தளர்ந்த நியூட்ரல். தளர்ந்த நியூட்ரலை டெஸ்டர் காட்டிக்கொடுக்காது; இரு கம்பியிலும் அது ஒளிரும், பார்ப்பவர் மின்சாரம் இருப்பதாக எண்ணுவார். லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மீற்றர் வைத்து, 216க்கும் 244க்கும் இடையிலான வோல்ட் உண்டா என்று பார்ப்பதே சரி. மணிக்கூடு ஓடியும் பம்பி அசையாவிட்டால், முகப்பில் காலையும் மாலையும் மாறியுள்ளதா, கைமுறை ஆளி நிறுத்தத்தில் கிடக்கிறதா, இலத்திரனியல் மாதிரியில் பழைய நிரல் எஞ்சியிருந்து புதியதை வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அவை சரியென்றால் நேர ஆளியின் வெளிமுனையிலும் அடுத்துச் சுருளின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். சுருளுக்கு 230 வோல்ட் வந்தும் கொன்டாக்டர் இழுக்காவிட்டால் சுருள் எரிந்திருக்கிறது. கொன்டாக்டர் இழுத்தும் மோட்டர் உறுமி நின்றால் நேர ஆளியையும் கொன்டாக்டரையும் விட்டுவிட்டு மோட்டரின் கெப்பாசிட்டரைச் சோதிக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும்; தடை ஒன்றின் வழியே அதை இறக்கிய பின்னரே தொட வேண்டும்.

பம்பி நிற்கவே மறுத்தால், நேர ஆளியின் வெளிமுனையில் மின்சாரம் இல்லாதபோதும் அது ஓடுகிறதா என்பதே கேள்வி. ஓடினால் கொன்டாக்டரின் தொடுகைகள் ஒட்டிவிட்டன. வெளிமுனையில் மின்சாரம் தொடர்ந்தால், கைமுறை ஆளி ஓட்டத்தில் இல்லையென்று உறுதி செய்தபின், நேர ஆளியின் தொடுகை ஒட்டியது என்று கொள்ளலாம்.

ட்ரிப் சுவிட்ச் விழுவதற்கும் பிரேக்கர் விழுவதற்கும் காரணம் வேறு. பிரேக்கர் விழுந்தால் மிகைச்சுமை அல்லது குறுஞ்சுற்று. புதிதாக இணைத்த நாளிலிருந்தே பம்பி தொடங்கும்போதெல்லாம் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், பம்பியின் நியூட்ரல் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலிருந்து எடுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நன்றாக ஓடியபின் மழைக்காலத்தில் விழுந்தால், பெரும்பாலும் மோட்டருக்குள் ஈரம். 500 வோல்ட் மெகர் சோதனையில் காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அதை ஓட்டக்கூடாது. பம்பி ஓடாத வேளையிலும் ட்ரிப் சுவிட்ச் விழுவது பலரையும் திகைக்க வைக்கும். பல நேர ஆளிகள் லைவை மட்டுமே துண்டிக்கின்றன. மோட்டருக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால், மோட்டர் உறங்கும்போதும் வீட்டின் வேறு கருவிகளின் மின்சாரம் அவ்வழியே நிலத்துக்குப் பிரியும். இரு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் தனி ஆளி ஒன்று மோட்டருக்கு இருந்தால், அதை நிறுத்தியதும் ட்ரிப் சுவிட்ச் நிலைக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் அறியலாம்.

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் சில இடங்களில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடியுடன் மழை வருவதை வானிலை அறிக்கைகள் சப்ரகமுவவின் பெயர் சொல்லியே அறிவிக்கின்றன. மின்கம்பி வழியே வரும் மின்னல் உந்தலுக்கு முதலில் பலியாவது நேர ஆளியின் இலத்திரனியல் பகுதிதான். மெயின் சுவிட்சுக்கு அருகில் உந்தல் தடுப்பானைப் பொருத்துவதும், தொலைவில் இடி கேட்கும்போதே பம்பிச் சுற்றைப் பிரித்துவிடுவதும் அதைக் காக்கும். ஈரத்தைத் தேடி வரும் எறும்பும் பல்லியும் கொன்டாக்டரின் தொடுகைகளுக்கிடையே நசுங்கி மின்சாரத்தைத் தடுப்பதுண்டு. பெட்டிக்குள் கம்பி நுழையும் துளைகளைக் கிளாண்டால் இறுக்கி, கீழ்ப்பக்கமாகவே கம்பியை எடுத்தால் மழைநீரும் பூச்சியும் புகா. பழுது நீக்கிய பின் ஆளியைக் கையால் தட்டி மோட்டர் ஓடுகிறது என்று கண்டதும் மூடியைப் பூட்டிவிடக்கூடாது. முகப்பில் சில நிமிடங்கள் தள்ளி ஒரு தொடக்கமும் ஒரு நிறுத்தமும் குறித்துவைத்து, இரண்டும் தாமாக நிகழ்வதைப் பார்த்தபின், சரியான நேரத்துக்குத் திருப்ப வேண்டும்.